மதுபான விற்பனை உரிமம்: விற்பவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் என்னென்ன?

புதுதில்லி: மதுக்கூடம், உணவகம், நட்சத்திர விடுதி, சில்லறை விற்பனைக் கடை என எந்த இடமாயினும், அங்கு மதுபானம் விற்க அரசின் உரிமம் தேவை. அந்த உரிமம் விற்பனைக்கு அனுமதி அளிப்பதோடு நின்றுவிடுவதில்லை. யாருக்கு விற்கலாம், எந்த நேரத்தில் விற்கலாம், எப்போது மறுக்க வேண்டும் என்ற கடமைகளையும் அது சேர்த்தே விதிக்கிறது. இருப்புப் பதிவேடு, கட்டணம், உரிமம் புதுப்பித்தல் போன்றவை அலுவலக மேசையில் முடிந்துவிடும். வாடிக்கையாளரின் வயதைச் சரிபார்ப்பதும், அளவுக்கு மீறி அருந்தியவருக்கு மேலும் தர மறுப்பதும் அவர் எதிரே நிற்கும் பணியாளரின் பொறுப்பில் உள்ளன. இவ்விரண்டிலும் நேரும் தவறு உயிரிழப்பில் முடியக்கூடும் என்பதால், விதிகளின் பின்னணியும் நடைமுறையும் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

உரிமம் என்பது அடிப்படை உரிமை அன்று

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலின் 8ஆவது இனம், மதுபானத்தின் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து, கொள்முதல், விற்பனை ஆகியவற்றை மாநிலங்களின் அதிகார வரம்பில் வைத்துள்ளது. மனிதர் அருந்தும் மதுவின் மீது ஆயத்தீர்வை விதிக்கும் அதிகாரமும் அதே பட்டியலின் 51ஆவது இனத்தின்படி மாநிலங்களுக்கே உரியது. சரக்கு மற்றும் சேவை வரி வரம்புக்கு வெளியே மதுபானம் நிறுத்தப்பட்டிருப்பதும் இதன் தொடர்ச்சியே. எனவே நாடு முழுவதற்கும் பொதுவான மதுபான விற்பனைச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஓர் ஆயத்தீர்வைச் சட்டத்தையும், அதன்கீழ் விதிகளையும், காலத்துக்குக் காலம் வெளியிடும் கொள்கையையும் கொண்டுள்ளது.

மறுபுறம், உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும் போதைப் பானங்களை மருத்துவத் தேவைக்கன்றி நுகர்வதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது பிரிவு அறிவுறுத்துகிறது. இதையும் கருத்தில் கொண்டு, மதுபானத் தொழில் நடத்துவது குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1994ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அரசு இத்தொழிலை முற்றிலும் தடை செய்யலாம், தானே நடத்தலாம், நிபந்தனைகளுடன் தனியாருக்கும் அனுமதிக்கலாம்.

இந்தத் தீர்ப்பின் நடைமுறை விளைவு முக்கியமானது. பிற வணிகங்களில் அரசின் கட்டுப்பாடு அளவுக்கு மீறியது என வாதிட வணிகருக்கு உள்ள இடம், மதுபான உரிமதாரருக்கு மிகக் குறைவு. நிபந்தனைகளை ஏற்றே அவர் உரிமம் பெறுகிறார். நிபந்தனை மீறப்பட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆயத்தீர்வை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

பிகார், குஜராத், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களில் மதுவிலக்குச் சட்டங்கள் உள்ளன. பிகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. குஜராத்தில் காந்திநகர் அருகே உள்ள கிஃப்ட் சிட்டி பகுதிக்கு மட்டும் 2023 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட தளர்வு அறிவிக்கப்பட்டது.

குறைந்தபட்ச வயது: மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு

மதுபானம் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது, மாநில எல்லையைக் கடக்கும்போது மாறுகிறது. முக்கியமான சில மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களின் நிலை வருமாறு:

* கோவா, புதுச்சேரி, ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம்: 18
* தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், தெலங்கானா: 21
* கேரளம்: 23
* தில்லி, பஞ்சாப், சண்டிகர்: 25
* மகாராஷ்டிரம்: பீர் போன்ற குறைந்த வீரிய வகைகளுக்கு 21, விஸ்கி, பிராந்தி, ரம் போன்றவற்றுக்கு 25

ஹரியாணாவில் 25 ஆக இருந்த வரம்பை 21 ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2021 டிசம்பரில் அம்மாநிலச் சட்டப்பேரவையில் நிறைவேற்றப்பட்டது. இத்தகைய மாற்றங்கள் அவ்வப்போது நிகழ்வதால், நடப்பாண்டுக் கொள்கையைப் பார்த்தே விற்பனையாளர்கள் செயல்பட வேண்டும்.

இந்த வேறுபாட்டால் எழும் சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. புதுச்சேரியில் சட்டப்படி மது வாங்கும் 19 வயது இளைஞருக்குச் சென்னையில் விற்பது விதிமீறல். குருகிராமில் மது பரிமாறப்படும் 22 வயதுப் பெண்ணுக்கு, எல்லையைத் தாண்டித் தில்லிக்குள் வந்துவிட்டால் விற்க முடியாது. வெளியூரிலிருந்து வந்தவர் தம் ஊர் விதியைச் சுட்டிக்காட்டினாலும், கடை அமைந்துள்ள மாநிலத்தின் விதியே செல்லும்.

சிறாருக்கு விற்றால் 7 ஆண்டு வரை சிறை

மாநிலங்களின் வயது வரம்பு எதுவாயினும், 18 வயது நிறைவடையாதவர் விஷயத்தில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் பொருந்தும். சிறார் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 77ஆவது பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு மதுபானம் கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். தகுதி பெற்ற மருத்துவரின் பரிந்துரை மட்டுமே இதற்கு விலக்கு. பெற்றோர் உடனிருந்தார்கள், அவர்களே வாங்கித் தரச் சொன்னார்கள் என்பன விலக்காகச் சட்டத்தில் இடம்பெறவில்லை. மதுவை விற்கவோ, எடுத்துச் செல்லவோ குழந்தைகளைப் பயன்படுத்துவோருக்கு 78ஆவது பிரிவின்கீழ் இதே அளவு தண்டனை உண்டு.

இப்பிரிவின் தீவிரம் 2024ஆம் ஆண்டு நாடு முழுவதும் உணரப்பட்டது. மே 19ஆம் தேதி அதிகாலை புணேயின் கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதியதில், மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். விபத்துக்கு முன் அச்சிறுவனுக்கு இரு மதுக்கூடங்களில் மது பரிமாறப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. அவற்றுடன் தொடர்புடைய உரிமையாளர் மற்றும் மேலாளர்கள் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டனர். இரு இடங்களும் மூடி முத்திரையிடப்பட்டன. மது வழங்கியவர்களின் பொறுப்பு, மது மேசைக்கு வந்ததோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்வழக்கு பொதுவெளியில் விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

வயதைச் சரிபார்ப்பது எப்படி?

குறைந்தபட்ச வயதைச் சட்டங்கள் தெளிவாகக் கூறுகின்றன. அதனை எவ்வாறு உறுதி செய்வது என்பதில் அதே தெளிவு எல்லா மாநிலங்களிலும் இல்லை. கட்டாய வயதுச் சரிபார்ப்புக்கு வலுவான நடைமுறை வகுக்கக் கோரித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

தோற்றத்தைக் கொண்டு வயதை மதிப்பிடுவது நம்பகமானது அன்று. தாடி வளர்ந்திருப்பதோ, விலையுயர்ந்த உடையோ, காரில் வந்து இறங்குவதோ வயதுக்குச் சான்றாகாது. ஆகவே பின்வரும் நடைமுறைகள் பாதுகாப்பானவை:

* வரம்பை அண்டிய வயதினராகத் தோன்றும் அனைவரிடமும், முதல் கோப்பை வழங்கும் முன்பே பிறந்த தேதியும் புகைப்படமும் உள்ள அரசு அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகியவை பொருத்தமானவை.
* பிறந்த ஆண்டை மட்டும் பாராமல் நாள், மாதத்தையும் கணக்கிட வேண்டும். வரம்பு வயது நிறைவடைந்திருக்க வேண்டும்.
* அட்டையில் உள்ள படத்தை நேரில் இருப்பவருடன் ஒப்பிட வேண்டும். கைப்பேசியில் காட்டப்படும் மங்கலான படத்தை ஏற்பதைத் தவிர்க்கலாம்.
* குழுவாக வருவோரில் ஒருவரின் வயதைப் பார்த்துவிட்டு அனைவருக்கும் பரிமாறக் கூடாது. வயது நிரம்பியவர் வாங்கி, வயது குறைந்தவருக்குக் கைமாற்றுவதாகத் தெரிந்தால் விற்பனையை நிறுத்த வேண்டும்.
* அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பித் தருவதே போதுமானது. தேவையின்றி அதைப் படமெடுத்து வைப்பது வாடிக்கையாளரின் தனியுரிமையைப் பாதிக்கும்.

ஐயம் எழுந்து, சான்றும் இல்லாத நிலையில் விற்காமல் இருப்பதே விதி. ஒரு விற்பனை கைவிட்டுப் போவதால் ஏற்படும் இழப்பு சில நூறு ரூபாய். தவறான விற்பனையால் உரிமமே பறிபோகலாம்.

ஒரு கோப்பையில் எவ்வளவு மது?

பொறுப்பான விற்பனைக்கு அளவு குறித்த அறிவு இன்றியமையாதது. 'ஒரே ஒரு பாட்டில் பீர்தான்' என்ற பேச்சு எவ்வளவு தவறாக வழிநடத்தக்கூடியது என்பதைக் கீழ்க்காணும் கணக்கு காட்டும். இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் பரவலாகக் காணப்படும் 42.8 விழுக்காடு வீரியத்தை அடிப்படையாகக் கொண்டால், ஒவ்வொன்றிலும் உள்ள தூய ஆல்கஹால் ஏறத்தாழ வருமாறு:

* ஸ்மால், 30 மில்லி லிட்டர்: 10 கிராம்
* லார்ஜ், 60 மில்லி லிட்டர்: 20 கிராம்
* குவார்ட்டர், 180 மில்லி லிட்டர்: 61 கிராம்
* 5 விழுக்காடு பீர், 650 மில்லி லிட்டர் பாட்டில்: 26 கிராம்
* 8 விழுக்காடு ஸ்ட்ராங் பீர், 650 மில்லி லிட்டர் பாட்டில்: 41 கிராம்

அதாவது, ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீர், நான்கு ஸ்மால் விஸ்கிக்குச் சமம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மதுபான ஒழுங்குமுறை விதிகள், 5 விழுக்காட்டுக்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ள பீரை ஸ்ட்ராங் என வகைப்படுத்துகின்றன. மேசையில் காலியாகும் பாட்டில்களை எண்ணும் பணியாளர், அதன் வீரியத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அளவிடும் கருவிகளும் சட்டத்துக்கு உட்பட்டவை. மதுவை ஊற்றிக் கொடுக்கும் இடங்களில், சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்ட அளவைகளையே பயன்படுத்த வேண்டும். குறைத்து ஊற்றினால் அது நுகர்வோரை ஏமாற்றுவதாகும். கண்ணளவாகக் கூட்டி ஊற்றினாலோ, தாம் அருந்திய அளவு வாடிக்கையாளருக்கே தெரியாமல் போகும்.

மறுப்பது: கடினமான கடமை

மதுக்கூடத்தில் குடிபோதைக் கலவரம், சூதாட்டம், ஒழுங்கீனம் ஆகியவற்றை அனுமதிக்கக் கூடாது என்பது பல மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்களிலும் உரிம நிபந்தனைகளிலும் காணப்படும் விதி. போதை மிகுந்தவருக்குத் தொடர்ந்து பரிமாறிய பின் இவ்விதியைக் காப்பது இயலாத செயல்.

பேச்சு குழறுதல், நடை தடுமாறுதல், குரல் திடீரென உயர்தல், கண்கள் சொருகுதல், பணத்தை எண்ணத் திணறுதல், சொன்னதையே மீண்டும் சொல்லுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்தவரும் தலையில் அடிபட்டவரும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். எழுப்பியும் எழாதவர், மூச்சுவிடத் திணறுபவர், இடைவிடாது வாந்தி எடுப்பவர் ஆகியோரை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு அகன்றுவிடக் கூடாது. ஒருக்களித்துக் கிடத்தி, அருகில் ஒருவர் இருந்து, 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மறுப்பு என்பது இறுதிக் கட்டத்தில் தொடங்குவது அன்று. குடிநீரும் உணவும் முன்கூட்டியே வழங்குவது, கேட்காமலேயே அடுத்த கோப்பையை நிரப்பாமல் இருப்பது, பரிமாறும் இடைவெளியைக் கூட்டுவது ஆகியவை நிலைமை முற்றாமல் காக்கும். மறுக்க நேர்ந்தால், பிற மேசைகளுக்குக் கேட்காத குரலில், மரியாதையுடன், ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டும். 'நீங்கள் குடித்துவிட்டீர்கள்' என்று குற்றம் சாட்டுவதைவிட, 'இதற்கு மேல் வழங்க எங்களுக்கு அனுமதி இல்லை, ஐயா' என்று விதியைக் காட்டுவது சச்சரவைக் குறைக்கும். மேலாளர் உடனே உடன் வந்து நிற்க வேண்டும். பணியாளர் மறுத்ததை மேலாளர் மாற்றி வழங்கினால், அடுத்த முறை எந்தப் பணியாளரும் மறுக்க மாட்டார்.

மறுப்பவருக்குப் பாதுகாப்பு தேவை என்பதற்குத் தலைநகரில் நடந்த ஒரு வழக்கு சான்று. 1999 ஏப்ரல் 29ஆம் தேதி இரவு தொடங்கிய ஒரு விருந்தில், நள்ளிரவுக்குப் பின், மது பரிமாறும் பணியில் இருந்த மாடல் ஜெசிகா லால், மதுக்கூடம் மூடப்பட்டுவிட்டதாகக் கூறி மது தர மறுத்ததால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த உணவகத்துக்கு மதுபான உரிமம் இல்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. குற்றவாளிக்குத் தில்லி உயர் நீதிமன்றம் 2006இல் விதித்த ஆயுள் தண்டனையை 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பணியாளர் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றம் வேறொரு கோணத்திலும் தெளிவுபடுத்தியுள்ளது. மது அருந்தும் இடங்களில் பெண்களையும் 25 வயதுக்குட்பட்ட ஆண்களையும் பணியமர்த்தத் தடை விதித்த பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டம், 1914இன் 30ஆவது பிரிவு செல்லாது என, அனுஜ் கர்க் வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பளிக்கப்பட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களின் வேலைவாய்ப்பைப் பறிப்பதற்கு மாறாக, அவர்கள் பாதுகாப்பாகப் பணியாற்றும் சூழலை உருவாக்குவதே முறை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வாகனத்தில் வந்தவர்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் அதே குற்றம் புரிந்தால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.15,000 வரை அபராதம் என உயரும்.

70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு லார்ஜ் விஸ்கியை விரைவாக அருந்தினால், இரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறக்குறைய 40 மில்லி கிராமை எட்டக்கூடும். ஒரே சுற்றில் சட்ட வரம்பு மீறப்பட்டுவிடுகிறது. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக இது இன்னும் கூடும். உடலில் இந்த அளவு மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் என்ற மெதுவான வேகத்திலேயே குறைகிறது. ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் அருந்தியவர் வரம்புக்குக் கீழே வர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். காபி, குளிர்ந்த நீரில் முகம் கழுவுதல், எலுமிச்சைச் சாறு ஆகியவை இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

எனவே வாடகைக் கார் அழைத்துத் தருவது, வாகனத்தை இரவு முழுவதும் நிறுத்திவைக்க அனுமதிப்பது, மாற்று ஓட்டுநரை ஏற்பாடு செய்வது ஆகியவை நிர்வாகம் செய்யக்கூடிய எளிய உதவிகள். வாகன நிறுத்தப் பணியாளர், தள்ளாடி வருபவரிடம் சாவியைத் தரும் முன் மேலாளருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இருந்தால், ஆபத்தைத் தடுக்க இறுதி வாய்ப்பு ஒன்று கிடைக்கும்.

எங்கே விற்கலாம், எப்போது விற்கக் கூடாது?

தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுபானக் கடைகளுக்குத் தடை விதித்தது. 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் இத்தூரம் 2017 மார்ச் 31இல் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற இடங்களை இத்தடை கட்டுப்படுத்தாது என 2017 ஜூலையில் விளக்கம் அளிக்கப்பட்டது. பள்ளி, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய தூரத்தை மாநில விதிகள் தனியாக வரையறுக்கின்றன.

குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றில் விற்பனைக்கு விடுமுறை அளிப்பது பரவலான நடைமுறை. பிற விடுமுறை நாள்களும் விற்பனை நேரமும் மாநிலத்துக்கேற்ப மாறும். தேர்தலின்போது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 135சி பிரிவின்படி, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் அந்தப் பகுதியில் மது விற்கவோ வழங்கவோ கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.2,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

விளம்பரத்திலும் கட்டுப்பாடு உண்டு. மதுபானத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிக்கும் விளம்பரங்களைக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994 தடை செய்கின்றன. 2019 ஏப்ரல் முதல், மது உடல்நலத்துக்குத் தீங்கானது, அருந்திவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை பாட்டில்களில் கட்டாயமாக இடம்பெறுகிறது.

உரிமதாரரின் பொறுப்பு

விதிகள் அனைத்தும் உரிமதாரரின் பெயரில் இருந்தாலும், நள்ளிரவு நேரத்தில் அவற்றை நடைமுறைப்படுத்துவது மாதச் சம்பளத்தையும் வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பையும் நம்பியிருக்கும் பணியாளரே. அதிகமாக விற்றால் ஊக்கத்தொகை, வாடிக்கையாளர் முகம் சுளித்தால் கண்டிப்பு என்ற சூழலில், அவர் வயதைக் கேட்பார் என்றோ மறுப்பார் என்றோ எதிர்பார்க்க முடியாது. மதுபானம் பரிமாறுவோருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் பொதுவான தேசியச் சட்டம் இல்லாத நிலையில், பயிற்சி அளிப்பதும், வயது வரம்பு அறிவிப்பை நுழைவாயிலில் வைப்பதும், மறுத்த நிகழ்வுகளைப் பதிவேட்டில் குறிப்பதும், மறுத்த பணியாளரின் பக்கம் நிற்பதும் உரிமதாரரின் கடமையாகின்றன.

விதிமீறலைக் காணும் பொதுமக்கள், அந்தந்த மாநில ஆயத்தீர்வைத் துறையிடமோ காவல்துறையிடமோ புகார் அளிக்கலாம். சிறாருக்கு மது விற்கப்படுவதைக் கண்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் தகவல் தெரிவிக்கலாம்.